பனி வீதியில் கார் ஓடுதல்: புதிதாக வந்தவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலம். ஜனவரி மாதத்து இரவு, பத்து மணி தாண்டியிருக்கும். ஸ்காபரோவில் 401 நெடுஞ்சாலைக்கு மேலாகச் செல்லும் பாலம் ஒன்றில் ஏறினேன். பின் ஆசனத்தில் யாரோ ஒருவர் ஓடர் செய்த சாப்பாடு. வீதி ஈரமாகத்தான் தெரிந்தது. முன்னால் போன வாகனத்தின் சிவப்பு லைற் எரிந்ததும் பிறேக்கை அமத்தினேன். கார் நிற்கவில்லை. பின்பக்கம் மெல்ல வலப்புறம் போனது. பயத்தில் ஸ்ரியறிங்கை ஒரேயடியாக வெட்டினேன். கார் அரை வட்டம் சுற்றி, பாலத்தின் கரைத் தடுப்பில் பக்கவாட்டாக மோதி நின்றது.

எனக்குத் தோளில் ஒரு கண்டல் காயம் மட்டும்தான். கடன் வாங்கி வாங்கிய பழைய காரின் ஒரு பக்கம் முழுவதும் நெளிந்துபோனது. அடுத்த நாள் கிளிநொச்சியில் இருக்கும் அம்மாவுக்கு விசயம் தெரியவந்தது. "அத்தனை செல்லுக்கும் தப்பினனாங்கள். நீ போய் ஐசில அடிபட்டுச் சாகவோ உவ்வளவு கடன்பட்டு அனுப்பினனான்?" என்று கேட்டுவிட்டு அழுதா. என்னிடம் பதில் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஊடகக் கற்கை படித்துவிட்டு, செய்தி சேகரிப்பதற்காக மோட்டார் சைக்கிளிலும் இரவல் வானிலும் வன்னி முழுவதும் அலைந்தவள் நான். மாரி மழையில் முழங்கால் அளவு வெள்ளம் ஓடும் வீதிகளில் ஓடியிருக்கிறேன். அதனால் எனக்கு வாகனம் ஓடத் தெரியும் என்றே நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைதான் அன்று என்னைப் பாலத்தில் சுற்றியது. கோடையில் லைசென்ஸ் சோதனை எழுதி, ஓடிக்காட்டிச் சித்தியடைந்தவர் ஒருவர் பனியையே காணாமல் சாரதியாகிவிடலாம். ஒன்ராறியோவில் அதற்குத் தடை இல்லை. நானும் அப்படி வந்த ஒருத்திதான்.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்கள் பகுதிகளில் இருந்து வந்தவர்களில் பலர் இன்று இரவில் சாப்பாடு விநியோகிக்கிறார்கள், பொதி கொண்டுபோகிறார்கள், விடியமுன் தொழிற்சாலைக்கு ஓடுகிறார்கள். கையில் இருப்பது மலிவான கார். தலையில் இருப்பது ஊரில் பட்ட கடன். அவர்களுக்காகவும், அவர்களை அனுப்பிவிட்டு ஊரில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இதில் உள்ளவற்றில் பாதியை எனக்குக் கற்றுத் தந்தவர் எங்கள் ஊர்க்காரர் ஒருவர். முறையில் மாமா. 2009இல் குடும்பத்தை ஏற்றிய ட்ரக்டரை கிளிநொச்சியில் இருந்து கடற்கரை வரை ஓடியவர். இப்போது பல குளிர்காலமாக இங்கே கனரக லொறி ஓடுகிறார்.

வழுக்கல் எங்கே ஒளிந்திருக்கிறது

பனியைக் கண்டு பயப்படும் நாங்கள், பனி தெரியாத வீதியைக் கண்டு பயப்படுவதில்லை. பிழை அங்கேதான் தொடங்குகிறது. வெள்ளையாக விழுந்து கிடக்கும் பனி தன்னைக் காட்டிக்கொள்ளும். பிளக் ஐஸ் என்று இங்கே சொல்லப்படுவது காட்டிக்கொள்ளாது. அது கறுப்பு நிறமானது அல்ல. கண்ணாடி போல மெல்லிய உறைந்த நீர். அதனூடாகத் தார் வீதி தெரிவதால் ஈரம் என்று நினைத்துவிடுவோம். அதைக் கண்டுபிடிக்க மாமா சொன்ன வழி இது: வெப்பநிலை 0 பாகை செல்சியசுக்குக் கிட்ட இருக்கிறது, வீதி ஈரமாக மினுங்குகிறது, ஆனால் முன்னால் போகும் வாகனத்தின் சில்லில் இருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் அது தண்ணீர் அல்ல, ஐஸ்.

பாலங்கள் முதலில் உறையும். மற்ற வீதிகளுக்குக் கீழே நிலம் இருக்கிறது. அது கொஞ்சம் வெப்பத்தை வைத்திருக்கும். பாலத்தின் மேலும் கீழும் குளிர்காற்று. ஆகவே பாலத்துக்கு வரும் வரை வீதி நன்றாக இருந்தது என்பதால் பாலமும் நன்றாக இருக்கும் என்று எண்ணக்கூடாது. மரநிழல் விழும் வளைவுகள், ஏரிக்கரை வீதிகள், வாகனங்கள் நின்று நின்று புறப்படும் சந்திகள் ஆகியனவும் இப்படித்தான்.

இன்னொன்று எனக்குப் புதினமாக இருந்தது. மைனஸ் 20ஐ விட 0க்கு அருகில்தான் ஐஸ் கூடுதலாக வழுக்கும். உருகும் நிலையில் இருக்கும் ஐசின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருப்பதே காரணம். ஆகவே "இண்டைக்குக் குளிர் குறைவு" என்பது நல்ல செய்தி அல்ல. மழையாக விழுந்து வீதியில் பட்டதும் உறையும் உறைமழை எல்லாவற்றிலும் மோசமானது. வீதிக்கு உப்புப் போட்டாயிற்று என்று நம்புவதற்கும் எல்லை உண்டு. மைனஸ் 10க்குக் கீழே போகப் போக உப்பின் வேலை குறைந்துவிடும்.

ஒரு கணக்கையும் மனதில் வைத்திருங்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார், காய்ந்த வீதியில் பிறேக் பிடித்தபின் சுமார் 15 மீற்றருக்குள் நின்றுவிடும். ஐசில் அதே காருக்கு 100 மீற்றர் கூடத் தேவைப்படலாம். ஐஸ் வீதியில் நிற்கும் தூரம் காய்ந்த வீதியை விடப் பத்து மடங்காகலாம் என்று பிரித்தானியாவின் வீதி நெறிக்கோவையும் எச்சரிக்கிறது. வேகத்தை இரட்டித்தால் பிறேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். வேகத்தைப் பாதியாக்கினால் அது கால்வாசியாகும்.

முதல் செலவு ரயருக்கு

அன்று என் காரில் இருந்தது ஓல் சீசன் ரயர். "எல்லாப் பருவத்துக்கும்" என்ற பெயரை நம்பினேன். 7 பாகைக்குக் கீழே அந்த ரயரின் றப்பர் இறுகத் தொடங்கும். இறுகிய றப்பர் வீதியைப் பிடிக்காது. குளிர்கால ரயரின் றப்பர் வேறு கலவை. குளிரிலும் இளகியே இருக்கும். பனி விழும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதும் இதனால்தான். காலை வெப்பநிலை தொடர்ந்து 7க்குக் கீழே வந்தால் ரயர் மாற்றும் காலம் வந்துவிட்டது.

வாங்கும்போது ரயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது. நான்கு சில்லுக்கும் போட வேண்டும். காசை மிச்சம் பிடிக்க முன் இரண்டுக்கு மட்டும் போட்டால், முன்பக்கம் பிடிக்கும்போது பின்பக்கம் சுழன்றுவிடும்.

பாவித்த ரயர் வாங்குவது குற்றம் அல்ல. எங்களில் பலருக்கு அதுதான் கட்டும். ஆனால் இரண்டைப் பார்த்து வாங்குங்கள். முதலாவது, பள்ளத்தின் ஆழம். 4 மில்லிமீற்றரை நெருங்கித் தேய்ந்த ரயர் பனி மூடிய வீதிக்கு உதவாது. இரண்டாவது, பிறந்த திகதி. பக்கச் சுவரில் டொட் என்ற குறிக்குப் பின்னால் வரும் தொடரின் கடைசி நான்கு இலக்கங்கள் அதைச் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பள்ளம் ஆழமாக இருந்தாலும் கிழட்டு ரயர் இறுகிப் போயிருக்கும்.

கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம். ரொறன்ரோப் பக்கம் அப்படி இல்லை. ஆனால் 2016 முதல் ஒன்ராறியோவில் குளிர்கால ரயர் போட்டவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும், கேளுங்கள். நான்கு சில்லும் இழுக்கும் பெரிய வாகனம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: அந்த வசதி புறப்படத்தான் உதவும். நிற்பதற்கு எல்லோருக்கும் இருப்பது அதே நான்கு ரயர்கள்தான்.

குளிரில் ரயரின் காற்றும் இறங்கும். வெப்பநிலை 5, 6 பாகை குறைய ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும். மாதம் ஒருமுறையாவது, கார் ஓடிச் சூடாகுமுன், காற்றைப் பாருங்கள். சாரதிக் கதவின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் தாளில் சரியான அளவு இருக்கிறது.

புறப்படுமுன் பத்து நிமிடம்

அவசரத்தில் முன் கண்ணாடியில் ஒரு சிறு ஓட்டை மட்டும் சுரண்டிவிட்டு ஓடுபவர்களைக் காலையில் காணலாம். நானும் ஓடியிருக்கிறேன். கண்ணாடிகள் எல்லாம், லைற்றுகள், இலக்கத் தகடு, முக்கியமாகக் கூரை, எல்லாவற்றிலும் பனியை அகற்ற வேண்டும். கூரையில் விட்ட பனி, பிறேக் பிடிக்கும்போது சறுக்கி வந்து உங்கள் முன் கண்ணாடியையே மூடிவிடும். வேகமாகப் போகும்போது பறந்து பின்னால் வருபவரின் கண்ணாடியில் விழும். உறைந்த கண்ணாடிக்குச் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், வெடித்துவிடும்.

புகைபோக்கிக் குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அடைபட்டிருந்தால் காபன் மொனொக்சைட் காருக்குள் வரும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. நித்திரை போலத் தொடங்கி உயிரை எடுத்துவிடும். மூடிய கராஜுக்குள் எஞ்சினை இயக்கிச் சூடாக்கக்கூடாது என்பதும் இதனால்தான். கதவைத் திறந்து வெளியே எடுத்தபின் சூடாக்குங்கள்.

கண்ணாடி கழுவும் திரவம் மைனஸ் 40 வரை உறையாதது என்று எழுதப்பட்டதாக இருக்கட்டும். தண்ணீர் கலந்தால் ஓடும்போது கண்ணாடியிலேயே உறையும். பெற்றோல் அரைத் தாங்கிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். குளிரில் பற்றரியின் வலு குறையும். பழைய பற்றரி என்றால் குளிருக்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

பிள்ளைகளை ஏற்றுபவர்கள், தடித்த குளிர் ஜக்கற்றுடன் அவர்களைப் பாதுகாப்பு ஆசனத்தில் கட்டக்கூடாது. மோதும்போது ஜக்கற் அமுங்கிவிடும். பட்டி தளர்ந்து பிள்ளை வெளியே வந்துவிடும். ஜக்கற்றைக் கழற்றி, பட்டியை இறுக்கிக் கட்டி, அதன்மேல் போர்த்திவிடுங்கள். உங்கள் சப்பாத்தின் அடியில் ஒட்டிய பனியையும் தட்டிவிட்டு ஏறுங்கள். ஈரச் சப்பாத்து பிறேக்கில் வழுக்கும்.

பகலிலும் முன் லைற்றை முழுமையாகப் போடுங்கள். தானாக எரியும் பகல் லைற்றுடன் பல கார்களில் பின் லைற் எரியாது. பனி கொட்டும்போது பின்னால் வருபவருக்கு நீங்கள் தெரிவது அந்தப் பின் லைற்றால்தான்.

ஓடும்போது

மாமா சொன்னது இதுதான்: "பிள்ளை, எல்லாத்தையும் மெதுவாச் செய். பிறேக்கும் மெதுவா, எக்ஸலேற்றரும் மெதுவா, வெட்டுறதும் மெதுவா. மடியில சுடு தேத்தண்ணி இருக்கு எண்டு நினைச்சுக்கொண்டு ஓடு."

வேகக் கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள இலக்கம் நல்ல காலநிலைக்கு உரியது. அதே வேகத்தில் பனியில் ஓட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. முன்னால் போகும் வாகனத்துக்கும் உங்களுக்கும் காய்ந்த வீதியில் 2 செக்கன் இடைவெளி என்றால், பனியில் அது குறைந்தது இரண்டு மடங்காக வேண்டும். மாமா 6 செக்கனுக்குக் குறைய விடமாட்டார். முன் வாகனம் ஒரு கம்பத்தைக் கடக்கும்போது எண்ணத் தொடங்குங்கள். நீங்கள் அதே கம்பத்தை அடையும்போது எத்தனை வந்தது என்று பாருங்கள்.

வளைவுக்குள் போய்ப் பிறேக் பிடிக்காதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு உள்ளே போங்கள். குறூஸ் கொன்றோலைப் பனியில் போடக்கூடாது. ஏபிஎஸ் உள்ள காரில் அவசரமாக நிற்க வேண்டி வந்தால், பிறேக்கை உறுதியாக அமத்தி, காலை எடுக்காமல் வைத்திருங்கள். கால் கிடுகிடுவென்று உதறும், சத்தமும் வரும். அது பழுது அல்ல. அது தன் வேலையைச் செய்கிறது. பயந்து காலை எடுத்துவிடுவதுதான் புதியவர்கள் விடும் பிழை. கனடாவில் 2012 மாதிரிக் கார்களில் இருந்து சறுக்கலைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியும் கட்டாயம். ஆனால் எந்தக் கருவியும் ரயருக்கு இல்லாத பிடியை உண்டாக்காது.

நீல லைற் மினுங்கப் போகும் பனி அகற்றும் வாகனங்களை முந்தாதீர்கள். அவற்றைச் சுற்றி எழும் பனிப்புகையில் எதிரே வருவது தெரியாது. நெடுஞ்சாலையில் அவை படிபோல ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும்; இடையில் புகுந்து போவது உயிரோடு விளையாடுவது. அவர்களுக்குப் பின்னால் உள்ள வீதியே பாதுகாப்பானது. பத்து நிமிடம் பிந்திப் போகலாம்.

சறுக்கினால்

அந்த இரவில் நான் செய்த மூன்று பிழைகள்: பிறேக்கை அமத்தியபடியே இருந்தேன், ஸ்ரியறிங்கை முழுக்க வெட்டினேன், கண்ணைத் தடுப்பின் மேலேயே வைத்திருந்தேன். கண் போன இடத்துக்குக் கை போகும், கை போன இடத்துக்குக் கார் போகும்.

பின்பக்கம் சறுக்கினால் எக்ஸலேற்றரில் இருந்து காலை எடுங்கள். பிறேக்கைத் தொடாதீர்கள். நீங்கள் போக வேண்டிய திசையைப் பார்த்து, அந்தத் திசைக்கே ஸ்ரியறிங்கை மெதுவாகத் திருப்புங்கள். கார் நேராக வரத் தொடங்கும்போது ஸ்ரியறிங்கையும் நேராக்குங்கள். இல்லாவிட்டால் மறுபக்கம் சுற்றும்.

முன்பக்கம் சறுக்கினால், அதாவது திருப்பியும் கார் நேராகவே போனால், இன்னும் கூடத் திருப்பக்கூடாது. காலை எடுத்து, ஸ்ரியறிங்கைச் சற்றுத் தளர்த்தி, ரயர் மறுபடி பிடிக்கும் வரை பொறுங்கள்.

வாசிப்பதால் இது கைக்கு வராது. விபத்துக்கு இரண்டு கிழமைக்குப் பின், ஞாயிறு விடியற்காலையில், தெரிந்தவர் ஒருவரின் அனுமதியோடு அவருடைய வெறுமையான வாகனத் தரிப்பிடத்தில் மாமா என்னை ஓடவிட்டார். மணிக்கு 20 கிலோமீற்றரில் வேண்டுமென்றே சறுக்க வைத்தார். பத்தாவது தடவையில்தான் என் கால் பிறேக்குக்குப் போகாமல் நின்றது. முதல் பனியிலேயே இப்படி ஒரு மணித்தியாலம் பழகியிருந்தால் அந்தப் பாலத்தைக் கடந்திருப்பேன்.

அகப்பட்டுக்கொண்டால்

மோதிய உடனே காரை விட்டிறங்கி வீதியில் நின்று போன் எடுத்தேன். அதுவும் பிழை. நான் சறுக்கிய இடத்தில் அடுத்தவரும் சறுக்குவார். கார் ஓடக்கூடியதாக இருந்தால் பாதுகாப்பான ஓரத்துக்கு எடுங்கள். அவசர லைற்றைப் போட்டு 911ஐ அழையுங்கள். இரண்டு வாகனங்களுக்கு இடையில் ஒருபோதும் நிற்காதீர்கள்.

பனிப்புயலில் ஊருக்கு வெளியே அகப்பட்டால் காரை விட்டு நடக்கத் தொடங்காதீர்கள். காரைத் தேடிக் கண்டுபிடிப்பது சுலபம்; ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம் அல்ல. புகைபோக்கியைச் சுற்றிப் பனியை அகற்றிவிட்டு, மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை இயக்குங்கள். அப்போது காற்று வராத பக்கத்து யன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். காரில் எப்போதும் இருக்க வேண்டியவை: சிறிய சவள், ஒரு பை மணல், பற்றரிக்கு மின் கொடுக்கும் வயர், போர்வை, மேலதிகக் காலுறையும் கையுறையும், ரோர்ச், தண்ணீர், கெடாத சாப்பாடு, போன் சார்ஜர். சில்லு புதைந்தால் வேகமாகச் சுழற்றாதீர்கள். ஐஸ் இன்னும் மினுங்கிவிடும். முன்னும் பின்னும் பனியை அகற்றி, மணலைத் தூவி, மெதுவாக எடுங்கள்.

விநியோக வேலை செய்பவர்களுக்கு இன்னொரு முக்கியமான விசயம். சாதாரண தனிப்பட்ட கார்க் காப்புறுதி பெரும்பாலும் சாப்பாடோ பொதியோ கூலிக்கு ஏற்றுவதை உள்ளடக்காது. விபத்து நடந்த பின்தான் எனக்கு இது தெரியவந்தது. திருத்தச் செலவு முழுவதும் என் கையால் போனது. அந்தக் கடன் முடிய ஒன்பது மாதம் எடுத்தது. நீங்கள் செய்யும் வேலையைக் காப்புறுதி நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லி, அதற்கான காப்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

போகாமல் இருப்பதும் ஓட்டம்தான்

உறைமழை எச்சரிக்கை வந்த இரவில்தான் விநியோகத்துக்குக் கூடுதல் காசு தருவார்கள். மற்றவர்கள் வெளியே வராததால்தான் அந்தக் கூடுதல் காசு. ஒரு இரவில் கிடைக்கும் அறுபது, எழுபது டொலருக்காக நான் போன இரவு எனக்குப் பல ஆயிரம் டொலர் நட்டம். நட்டம் அத்தோடு நின்றது என் அதிர்ஷ்டம்.

இப்போது புறப்படுமுன் சுற்றாடல் கனடாவின் எச்சரிக்கையையும், ஒன்ராறியோவின் 511 வீதி நிலைமைச் சேவையையும் பார்க்கிறேன். சரியில்லை என்றால் போவதில்லை. வேலைத்தலத்துக்கு "வர இயலாது" என்று சொல்லப் பயமாக இருக்கும், தெரியும். அந்தப் பயத்தோடும் சொல்லத்தான் வேண்டும். நூறு சதவீதம் போகத்தான் வேண்டும் என்றால் ஒரு மணித்தியாலம் முந்திப் புறப்படுங்கள். பஸ் ஓடினால் பஸ்ஸில் போங்கள்.

ஊரில் இருந்து இதை வாசிக்கும் அம்மா, அப்பாமாரிடம் ஒரு வேண்டுகோள். "கவனமா ஓடு" என்று சொல்வதை நாங்கள் கேட்டுப் பழகிவிட்டோம். அது காதில் ஏறாது. நவம்பர் பிறந்ததும் வேறு விதமாகக் கேளுங்கள். குளிர்கால ரயர் போட்டாயிற்றோ? காருக்குள் போர்வையும் சவளும் இருக்கோ? வேலைக்கு ஏற்ற காப்புறுதி இருக்கோ? இந்த மூன்றுக்கும் பதில் வரும் வரை விடாதீர்கள். பிள்ளை கார் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அழைத்து, எடுக்கவில்லை என்று மறுபடி மறுபடி அழைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் நாங்களே எடுப்போம்.

என் அம்மா இப்போது ரயரின் ஆழத்தை மில்லிமீற்றரில் கேட்கிறா. போன கிழமை சொன்னேன்: எட்டு.